மலையகத்துக்கு மாணவர் ஊழியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் தேர்வு முடிந்ததும் மதுரைக் கல்லூரிகளில் படிக்கும் கிறிஸ்தவ மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இலங்கை மலையகத்துக்கு 12 நாள் ஊழியத்துக்குப் போகிறோம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ச் சபை எங்களை அழைக்கிறது. அவர்கள் சொல்லும் வேலையை அவர்களுக்குக் கீழே இருந்து செய்கிறோம். நான் நான்கு முறை குழுவை அழைத்துப் போயிருக்கிறேன். ஜனவரி பிறந்தால் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யாரெல்லாம் வரலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். மதுரையிலோ சுற்று வட்டாரத்திலோ ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, லுத்தரன் என்று எந்தச் சபையாக இருந்தாலும் சரி. உங்கள் சபை ஐயரிடமோ பங்குத் தந்தையிடமோ ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்.

குறைந்தது ஆறு மாதமாவது நம் மாணவர் ஐக்கியக் கூட்டங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. 12 நாள் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு வாழப்போகிறோம். யார் காலையில் பேசமாட்டார், யார் பசி வந்தால் கோபப்படுவார், யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

எனக்குப் பாட வராது, பிரசங்கம் பண்ணவும் வராது. நான் வந்து என்ன செய்வேன்?

பாடுகிறவர்களும் பேசுகிறவர்களும் எப்போதும் தேவைக்கு மேலேயே வந்துவிடுகிறார்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், முப்பது பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்தவர், குழந்தை அழுதால் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு தம்பி 12 நாளில் மேடைப் பக்கமே போகவில்லை. திருமங்கலத்தில் அவன் அப்பாவுக்கு எலக்ட்ரிக் வேலை. சபைக் கட்டடத்தில் மழை பெய்தால் ஷாக் அடிக்கும் ஒரு சுவிட்ச் பலகை இருந்தது. அதை உள்ளூர் எலக்ட்ரீசியனோடு சேர்ந்து கழற்றி மாட்டிவிட்டு வந்தான். அந்தச் சபையில் இன்றைக்கும் அவனைத்தான் விசாரிக்கிறார்கள்.

வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா? உசிலம்பட்டிப் பக்கம் ஊழியம் இல்லையா?

இருக்கிறது. நியாயமான கேள்வி. அதனால்தான் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மாதம் இரண்டு சனிக்கிழமை நம் பக்கத்துக் கிராமத்தில் மாலைப் படிப்பு வகுப்புக்கு வராத யாரையும் மே மாதம் அழைத்துப் போவதில்லை. இங்கே செய்யாதவர் அங்கே போனதும் திடீரென்று செய்துவிடமாட்டார்.

ஆனால் ஏன் இலங்கை, அதிலும் ஏன் மலையகம் என்பதற்குக் காரணம் உண்டு. மதுரைக்காரர்களுக்கு அந்தத் தீவு உண்மையில் அந்நிய நாடே அல்ல.

அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834-இல். அவர்கள் அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். 1816 முதல் அங்கே வேலை செய்துகொண்டிருந்த மிஷன்தான் கடல் தாண்டி இங்கே ஆள் அனுப்பியது. அந்த மிஷனரிமாரோடு யாழ்ப்பாணத் தமிழர்களும் உதவியாளர்களாக வந்தார்கள். பசுமலைப் பள்ளியும், 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் அந்த வேரிலிருந்து வளர்ந்தவை. அதற்குப் பிறகு 1900-ஐ ஒட்டி யாழ்ப்பாணக் கிறிஸ்தவ மாணவர்களே காசு சேர்த்து, நம் ராமநாதபுரம் சீமையில் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். 1902-இல் யாழ்ப்பாணம் போன, பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் மனதைத் தொட்டது இந்த வேலைதான். இவர்களே செய்யும்போது நாம் ஏன் செய்யவில்லை என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மாணவர் ஊழியம் என்று நாம் பேசுவதற்கு வெகு காலம் முன்பே மாணவர்கள் அங்கிருந்து இங்கே ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நாம் போவதைக் கடனைத் திருப்பிக் கொடுப்பதாகவே நான் நினைக்கிறேன்.

மலையகத்து மக்கள் இன்னும் நெருக்கமானவர்கள். 1820-களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பிறகு காப்பியில் நோய் விழுந்ததும் தேயிலைத் தோட்டத்துக்கும் வெள்ளைக்காரத் துரைமார் ஆள் எடுத்தது மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலி, சேலம் பக்கத்துக் கிராமங்களில்தான். ஆள் சேர்க்கும் கங்காணிக்குப் பின்னால் நடந்தே கடற்கரைக்குப் போய், படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் வருடமே ஒரு சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களைக் கேட்டு அல்ல. கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் இன்று இருக்கும் பல குடும்பங்கள் அப்படித் திரும்பி வந்தவர்கள். பாதி வீடு இங்கே, பாதி வீடு அங்கே என்று பிரிந்த கதை தோட்டத்து வரிசை வீடான ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வாருங்கள். மார்ச் மாதம் இரண்டு வகுப்பு இதற்காகவே வைக்கிறோம். அவர்கள் வரலாறு தெரியாமல் போய் அவர்களுக்குப் போதிப்பது மரியாதை இல்லை.

பாஸ்போர்ட் எடுக்க எவ்வளவு நாள் ஆகும்?

ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மதுரையிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000. நாள் இருக்கும்போது தட்கலுக்குக் கொடுப்பது வீண். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எந்த முகவரியைக் கொடுக்கிறீர்கள் என்பதை யோசித்துக் கொடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது நீங்கள் அந்த முகவரியில் இல்லையென்றால் அங்கேதான் தாமதமாகும். ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று நம்மவர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பழைய பாஸ்போர்ட் இருப்பவர்கள் பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

விசா? டூரிஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே?

கூடாது. சுற்றுலாவுக்கு என்று அனுமதி வாங்கிக்கொண்டு போய் மதப் பணி செய்வது அந்த நாட்டு விதிக்கு விரோதம். ஒரு சின்னப் பொய்தானே என்று சிலர் சொல்கிறார்கள். சுவிசேஷத்தைச் சொல்லப் போகிறவர் குடிவரவு மேசையிலேயே பொய் சொல்லித் தொடங்கினால் அந்த வேலை எப்படி விளங்கும்? அதோடு, மாட்டிக்கொண்டால் நாம் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடுவோம். விசாரணைக்கு அலையப்போவது நம்மை அழைத்த போதகர்.

அழைக்கும் சபை தங்கள் தலைமை வழியாக உரிய அனுமதிக்கு விண்ணப்பிக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்கிறோம். அனுமதி வராத வருடம் போவதில்லை. ஒரு முறை அப்படி ஆகி, டிக்கெட் பணத்தில் பாதி போய்விட்டது. வருத்தம்தான். ஆனாலும் அது சரியான முடிவு. விசாக் கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் அரசுத் தளத்தையே பாருங்கள்.

எவ்வளவு செலவாகும்? பணம் எப்படிச் சேர்ப்பது?

போன முறை ஆளுக்கு 34,000 ரூபாய் ஆனது. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஒரு மணி நேரப் பயணம். டிக்கெட்தான் பெரிய செலவு. மற்றது ரயில், வேன், சாப்பாட்டுக்குச் சபைக்கு நாம் கொடுக்கும் பங்கு, காப்பீடு. தங்குவதற்கு அவர்கள் வாங்குவதில்லை. ஆனால் சாப்பாட்டுக்குக் கட்டாயம் கொடுத்துவிடுவோம். நாள் கூலிக்காரர் வீட்டில் 12 நாள் இலவசமாகச் சாப்பிடுவது ஊழியம் ஆகாது.

மூன்றில் ஒரு பங்கு உங்கள் சொந்தக் காசாக இருக்கட்டும். டியூஷன் எடுங்கள், விடுமுறையில் கடை வேலை பாருங்கள். மீதியைச் சொந்தச் சபையிலும் உறவினரிடமும் கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். 50 ரூபாய் கொடுக்கும் பாட்டியின் பெயரையும் நோட்டில் எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் அவரைப் பார்க்கப் போக வேண்டும்.

இரண்டு விஷயம் கண்டிப்பாக வேண்டாம். ஒன்று, வீட்டு நகையை அடகு வைப்பது. ஒரு அம்மா தோட்டை வைத்துப் பணம் கட்டியது எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே வாங்குகிறோம். இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் குழுக் கணக்குக்குப் பணம் அனுப்புவது. நம்மிடம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு கிடையாது. அதனால் வாங்கமாட்டோம்.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். குறிப்பாக நான் பெண் பிள்ளை.

விடமாட்டேன் என்று சொல்லும் அப்பா அம்மாவை விசுவாசமில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டு வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கு வரிசை நின்றதையும் பார்த்தார்கள். நிலைமை இப்போது எப்படி என்பதைச் சபையாரிடம் வாராவாரம் கேட்டுப் பெற்றோரிடம் சொல்கிறோம். ஒளிக்க ஒன்றுமில்லை.

பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம் வைக்கிறோம். ஒரு முறை ஆரப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா கடைசி வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு என் மனைவியிடம் வந்து, “பாத்ரூம் வீட்டுக்குள்ளயா, வெளியயா?” என்று கேட்டார். வெளியேதான், இருபது முப்பது அடி தள்ளி, இரவில் இருட்டாக இருக்கும் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். அப்படியானால் டார்ச்சு இரண்டு வேண்டும், தனியாக எழுந்து போகக்கூடாது என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அதுதான் சம்மதம் என்று எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அன்றிலிருந்து பெற்றோர் கூட்டத்தில் ஆவிக்குரிய விஷயங்களைப் பேசுவதற்கு முன்பு கழிப்பறை, படுக்கை, கதவுத் தாழ்ப்பாள் பற்றிப் பேசுகிறோம்.

மாணவிகள் வந்தால் இரண்டு பெண் தலைவர்கள் கட்டாயம் வருவார்கள். தங்கும் அறை தனி. இரவு எட்டு மணிக்குமேல் யாரும் வெளியே போவதில்லை. தினமும் ஒரு முறை வீட்டுக்குப் பேசலாம். நேரம்கூட இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். இவ்வளவுக்குப் பிறகும் வேண்டாம் என்றால் இந்த வருடம் வராதீர்கள். வீட்டை எதிர்த்துக்கொண்டு வரும் யாரையும் நாங்கள் சேர்ப்பதில்லை. வயது 18 தாண்டிவிட்டது என்று வாதாடினாலும் சரி.

அங்கே என்னதான் வேலை?

இதற்கு நாங்கள் முதல் வருடம் செய்த தவறைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

அந்தச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு அக்கா இருக்கிறார். கிழமை நாட்களில் கொழுந்து பறிக்கிறார். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், கொழுந்தை எடை போடும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நாலு, நாலரை ஆகிவிடும். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒன்பது வருடமாக நாற்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

நாங்கள் போனோம். பொம்மலாட்டத் திரை, கிட்டார், வண்ண அட்டை, கலர் சட்டை எல்லாவற்றோடும் போனோம். தினமும் மாலை வகுப்பை நாங்களே எடுத்தோம். பிள்ளைகள் குதித்தார்கள், கத்தினார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த அக்கா கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். தலையில் கூடைக் கயிறு அழுத்தின தடம் நெற்றிக்கு மேலே அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்துப் போதகர் பேசும்போது சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகள் இப்போது அக்கா வகுப்பில் உட்காருவதில்லையாம். “மதுரை அக்கா மாதிரி பொம்மை வச்சுச் சொல்லுங்க” என்கிறார்களாம். நாற்பது பேர் பதினெட்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒன்பது வருடமாக ஒருவர் கட்டியதை 12 நாளில் நாங்கள் தளர்த்திவிட்டு, அதை ஆசீர்வாதமான பயணம் என்று இங்கே சபையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வருடம் போனபோது முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். என்ன செய்யட்டும் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, துணியில் எழுத்து வெட்டித் தர முடியுமா, பெரிய பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்தித் தர முடியுமா, தான் பாடம் சொல்லும்போது சின்னவர்களை யாராவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று மூன்று கேட்டார். அந்த மூன்றையும்தான் செய்தோம். வகுப்பை அவரே எடுத்தார். பொம்மைகளை அவரிடமே கொடுத்து, எப்படி ஆட்டுவது என்று இரவில் பழக்கினோம்.

இப்போதும் வேலை அப்படித்தான். அந்தந்த வருடம் அவர்கள் கேட்பது. சாதாரண தரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும், பிள்ளைக்காம்பரா என்னும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் தாய்மார் மலையில் இருக்கும் நேரத்தில் குழந்தைகளுக்குத் துணை, ஆலயத்துக்கு வெள்ளையடித்தல், முதியவர்களைப் போய்ப் பார்த்தல், ஞாயிறு ஆராதனையில் ஒரு கீர்த்தனை. எந்த வகுப்பிலும் உள்ளூர் ஆசிரியர் முன்னால் நிற்பார், நாம் பின்னால்.

நர்சிங், மருத்துவம் படிக்கும் மாணவர்கள் முகாம் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அந்த நாட்டில் பதிவு இல்லாமல் யாருக்கும் ஊசியோ மாத்திரையோ கொடுக்கக்கூடாது. இங்கே செய்ய உரிமை இல்லாததை அங்கே ஏழைகளிடம் செய்து பழகுவதும் பாவம்.

அவர்கள் தமிழ் நமக்குப் புரியுமா?

நன்றாகப் புரியும். சினிமாவில் கேட்ட யாழ்ப்பாணத் தமிழை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலையகப் பேச்சு நம் மதுரை, திருச்சிப் பேச்சுக்குத்தான் பக்கம். சில சொற்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வரிசை வீடு லயம், அதில் ஒரு அறை காம்பரா. தோட்டத்தின் மேல்பகுதி மேல்கணக்கு. சோப்பு வேண்டும் என்றால் கடையில் சவர்க்காரம் என்று கேளுங்கள். சிங்களத்தில் நன்றிக்கு ஸ்துதி, வணக்கத்துக்கு ஆயுபோவன். ரயிலிலும் கடையிலும் இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் முகம் மலர்கிறது. தமிழ்ச் சபைக்குப் போகிறோம் என்பதற்காகச் சிங்களவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் நம் வாயில் வரக்கூடாது. அரசியல் பேச வேண்டாம். நாம் பேசிவிட்டு வந்துவிடுவோம், பக்கத்துக் கடைக்காரரோடு வாழ வேண்டியவர்கள் அவர்கள்.

மற்ற மதத்தாரிடம் எப்படி நடந்துகொள்வது?

தோட்டத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். நாம் போகும் சமயம் மாரியம்மன் திருவிழா நடந்தால் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது என்பதை உள்ளூர்ச் சபையார் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். நாட்டில் பத்துக்கு ஏழு பேர் பௌத்தர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை, போலீஸ்வரை போகும். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மே மாதப் பௌர்ணமி பௌத்தர்களின் பெரிய திருநாளான வெசாக், ஊரெல்லாம் விளக்குக் கூடு கட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த நாட்களில் ரயில் டிக்கெட் கிடைக்காது.

துண்டுப் பிரதி கொடுப்பது, வீடு வீடாகத் தட்டுவது, உதவி செய்வதாகச் சொல்லி மனம் மாற்றப் பார்ப்பது எதுவும் நம் பயணத்தில் இல்லை. உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் மனம் திறந்து சொல்லுங்கள். கேட்கிறார்கள், நிறையவே கேட்கிறார்கள்.

சாப்பாடு, குளிர், அட்டை?

ஹட்டன் 4,000 அடிக்கு மேல். கொடைக்கானல் அளவு குளிராது. ஆனால் மதுரை மே மாதத்திலிருந்து போகிறவருக்கு இரவில் நன்றாகவே நடுங்கும். ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, வழுக்காத செருப்பு போதும். காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் சோறு. காரம் நம்மைவிடக் கூடுதல், தேங்காய் இன்னும் கூடுதல். முன்னால் வைத்ததைச் சாப்பிடுங்கள். லூக்கா 10-இல் எழுபது பேரை அனுப்பும்போது ஆண்டவர் சொன்ன நடைமுறை அறிவுரை இதுதான். ஒரு வீட்டில் தங்கினால் அங்கேயே இருங்கள், இன்னும் வசதியான வீடு தேடி மாறாதீர்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது.

அட்டை கடிக்கும். வலிக்காது, ரத்தம் நிற்கக் கொஞ்ச நேரமாகும். பிடித்து இழுக்காமல் நகத்தால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள், விழுந்துவிடும்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

பயணக் காப்பீடு எல்லாருக்கும் கட்டாயம். அரசு மருத்துவமனைகள் உண்டு, ஆம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு 15 நாளுக்கு எடுத்து வாருங்கள். வலிப்பு, ஆஸ்துமா, மனச்சோர்வு எதுவாக இருந்தாலும் தலைவரிடம் முன்பே சொல்லுங்கள். சொன்னதற்காக யாரையும் நிறுத்தியதில்லை. சொல்லாமல் வந்த ஒருவருக்காக ஒரு இரவு முழுதும் பயந்திருக்கிறோம்.

படம் எடுத்துப் போடலாமா?

குழந்தைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். லயத்து வீடுகளின் உள்பக்கம் வேண்டாம். வகுப்பு நேரத்தில் எல்லார் செல்போனும் ஒரே பையில். நம் வீட்டு அடுப்படியை யாரோ படம் எடுத்து ‘இவர்கள் நிலைமையைப் பாருங்கள்’ என்று ஸ்டேட்டஸ் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? குழுப் படம் ஒன்று, கடைசி நாள், சபையார் அனுமதியோடு.

யாருக்காவது தனியாக உதவி செய்யலாமா?

மனம் இளகும், அது நல்லதுதான். ஆனால் தனியாக யாருக்கும் பணமோ வாக்கோ கொடுக்காதீர்கள். ஒன்பதாவது படித்த ஒரு பெண் பிள்ளையிடம், “உன் படிப்புச் செலவை நான் பார்த்துக்கறேன்” என்று ஒரு அண்ணன் வேன் கிளம்பும்போது சொல்லிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் மனமாரத்தான் சொன்னார். வந்த பிறகு வேலை தேடும் அலைச்சல், நம்பரும் மாறிவிட்டது. அடுத்த வருடம் வேனிலிருந்து நாங்கள் இறங்க இறங்க அந்தப் பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாரும் இறங்கி முடித்த பிறகும் வேனுக்குள்ளே எட்டிப் பார்த்தது.

அதனால் கொடுக்க விரும்புவதை ஊருக்கு வந்து, ஒரு மாதம் யோசித்து, குழு வழியாகச் சபைக் கமிட்டிக்குச் சொல்லுங்கள். யாருக்கு அவசியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அரியர் இருக்கிறது, வரலாமா?

முதலில் அரியரை முடியுங்கள்.

திரும்பி வந்த பிறகு?

உதவி செய்த ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். சொந்தச் சபையில் ஐந்து நிமிடம் சாட்சி சொல்லுங்கள். ‘பாவம், ஏழைகள்’ என்று பேசாமல், நீங்கள் அவர்களிடம் கற்றதைச் சொல்லுங்கள். அவர்கள் ஜெபிப்பதைக் கேட்டவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கணக்கு வாசிப்போம். மிச்சமான ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று எல்லார் முன்னும் சொல்வோம்.

ஞாயிறு பள்ளி அக்காவோடு மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். அவருக்கு நேரம் இருக்கும்போது அவரே கூப்பிடுவார். பாட அட்டைகள், கதைப் படங்கள் என்று கேட்பதை இங்கே தயார் செய்து அனுப்புகிறோம். பயணத்துக்கு வர முடியாத மாணவர்கள் இந்த வேலையில் சேரலாம். வெட்டவும் ஒட்டவும் எப்போதும் ஆள் தேவைப்படுகிறது.

எப்போது சேர வேண்டும்?

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பயணத்துக்கான முதல் கூட்டம். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இரண்டின் நகலும் ஒரு நோட்டும் கொண்டு வாருங்கள். அப்பா அம்மா வர விரும்பினால் அவர்களையும் அழைத்து வாருங்கள், டீ உண்டு.